மாடே கருவிப்பெட்டி: தெற்கு சூடான் நூவர் மக்களின் கால்நடை வளர்ப்பு

தெற்கு சூடானில் வெள்ளை நைல் நதியும் அதன் துணையாறுகளும் பரந்து நிற்கும் சதுப்புச் சமவெளியில் வாழ்பவர்கள் நூவர் மக்கள். அவர்களது நிலம் கருங்களிமண். மழையில் காலைப் பிடித்து இழுக்கும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கரிசல் காட்டு விவசாயிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தச் சமவெளியில் கல் கிடையாது. இரும்பும் வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. அதனால் மாடு வளர்க்கத் தேவையான பொருட்களில் பலவற்றை மாட்டிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். தோலில் கட்டுக்கயிறும் கழுத்துப்பட்டையும் படுக்கையும், கொம்பில் கரண்டி, எலும்பில் சுரண்டி. காளையின் விதைப்பைத் தோல்கூட புகையிலைப் பையானது.

1930களில் அவர்களிடையே தங்கியிருந்து ஆராய்ந்த மானிடவியல் அறிஞர் எவன்ஸ் பிரிட்சார்ட், 1940-ல் வெளியிட்ட நூலில் இவற்றை நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். கால்நடை வளர்ப்போர் கவனிக்க வேண்டிய செய்திகள் அதில் நிறைய உண்டு.

கன்றுக்குப் பால் மறக்கடிக்கும் முள்வளையத்தைப் பாருங்கள். கன்றின் மூக்கைச் சுற்றி முட்களால் ஆன வளையம் ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். கன்று தாராளமாகப் புல் மேயலாம். மடியில் வாய் வைத்தால் முள் குத்தும், தாய்ப்பசுவே உதைத்துத் தள்ளிவிடும். கன்றைத் தனியே பிரித்துக் கட்ட வேண்டாம், காவலுக்கு ஆள் வேண்டாம். இன்று கடைகளில் பிளாஸ்டிக்கில் விற்கும் பால்மறப்பு வளையமும் இதே தத்துவம்தான்.

கன்று இறந்துவிட்டால் அதன் தோலில் வைக்கோலை அடைத்து, தாயின் சிறுநீரைச் சிறிது தடவி, பசுவின் முன் நிறுத்துவார்கள். வைக்கோல் கன்று நம் ஊரிலும் தெரிந்ததுதான். பசு கன்றை அறிவது முக்கியமாக மோப்பத்தால். பழகிய வாசனை கிடைத்ததும் மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரந்து மடியில் பால் இறங்குகிறது. ஊசி போட்டுப் பால் இறக்குவோர் குறுக்கு வழியில் தேடுவதும் இந்தச் சுரப்பைத்தான்.

ஆனால் எல்லாவற்றையும் பாராட்ட நான் தயாரில்லை. பால் இறங்காத பசுவின் பிறப்புறுப்பில் காற்று ஊதும் பழக்கமும் அவர்களிடம் இருந்தது. இதே செயல் இந்தியாவில் ‘பூக்கா’ என்ற பெயரில் நடந்து, 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. அதே பிரிவு, பால் கூட்டுவதற்காக மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதையும் குற்றம் என்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பால் குடுவைகளைப் பக்குவப்படுத்த மாட்டுச் சிறுநீரைப் பயன்படுத்தியதையும் நாம் பின்பற்றக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி மாட்டுச் சிறுநீர் வழியாகவும் பரவும்.

பால் கறப்பது பெண்களும் சிறுவர்களும்தான். நெற்றியில் கோடு கீறும் சடங்கு முடிந்த ஆண்மகன் மடியைத் தொடக்கூடாது. கறப்பவர் குந்தி உட்கார்ந்து, குறுகிய வாயுள்ள சுரைக்குடுவையைத் தொடைமேல் நிறுத்தி, ஒவ்வொரு காம்பாகக் கறப்பார். கோடையில் மாட்டின் கழுத்தைக் கயிற்றால் இறுக்கி, புடைத்த நரம்பைச் சிறு கத்தியால் குத்தி இரத்தமும் எடுப்பதுண்டு. கத்தி ஆழமாக இறங்காதிருக்க அதன்மேல் கயிறோ புல்லோ சுற்றியிருப்பார்கள். கயிற்றைத் தளர்த்தினால் இரத்தம் நின்றுவிடும்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய கருவியாகத் தோன்றுவது சாணப்புகை. மழைக்காலத்தில் மேட்டுநில ஊர்களில் பெரிய வட்டக் கூரைத் தொழுவத்துக்குள் மாடுகளை அடைத்து, நடுவே உலர்ந்த சாணத்தைப் புகைய விடுவார்கள். கோடையில் ஆற்றோர முகாம்களில் திறந்தவெளியில் முளையடித்துக் கட்டி, அங்கும் புகை போடுவார்கள். கொசுவும் கடிஈயும் மொய்க்கும் அந்தச் சதுப்பில் புகை இல்லாவிட்டால் மாடு இரவெல்லாம் காலை உதறிக்கொண்டு நிற்கும். படுத்து அசைபோடாத மாட்டிடம் பால் எங்கிருந்து வரும்? எரிந்த சாம்பலை உடம்பில் பூசிக்கொள்வார்கள், பல் துலக்கவும் அதுதான்.

இந்த ஏற்பாடு முழுவதும் காய்ந்த தரையை நம்பியது. 2019 முதல் தெற்கு சூடானில் ஆண்டுக்கு ஆண்டு பெருவெள்ளம். நூவர் பகுதியான யூனிட்டி மாநிலத்தில் மேய்ச்சல் நிலங்கள் மூழ்கின, ஏராளமான மாடுகள் இறந்தன. பென்டியூ நகரையும் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் முகாமையும் மண்கரை எழுப்பித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. முளை அடிக்க மேடில்லை, சாணம் காயத் தரையில்லை என்றால் மேலே சொன்ன கருவிகள் எதற்கும் வேலையில்லை. 2013-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரும் மந்தைகளை அழித்திருந்தது.

1990களில் அந்நாட்டில் வெக்கை நோயை ஒழிக்க முயன்றவர்கள், வெப்பம் தாங்கும் தடுப்பூசியை உள்ளூர் மேய்ப்பர்கள் கையிலேயே கொடுத்தார்கள். குளிர்பதனப் பெட்டி போகாத முகாம்களுக்கு அவர்கள் நடந்தே கொண்டுபோய் மாடுகளுக்குப் போட்டார்கள். 2011-ல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. வெள்ளத்துக்குப் பின் மிஞ்சியிருக்கும் மந்தைகளுக்குத் தடுப்பூசியும் தீவனமும் கொண்டு செல்வதற்கும் அந்த மேய்ப்பர்களைத்தான் நம்ப வேண்டும்.