எண்ணெய் திருப்பும் படகு

சைக்கிள் பிரேக்கைப் பிடித்தால், கைப்பிடியில் கட்டிய ஒயர் கறுப்புக் குழாய்க்குள் வளைந்து நெளிந்து சக்கரம் வரை போய், அங்கே இருக்கும் ரப்பர் கட்டையை இழுக்கிறது. மழையில் நனைந்து நனைந்து ஒயர் துருப்பிடித்துவிட்டதோ, போச்சு! பிரேக் கல் மாதிரி இறுகிவிடும்.

வேகப்படகுகள் பலவற்றின் ஸ்டீயரிங்கும் இப்படி ஒரு ஒயரில்தான் ஓடுகிறது. அவுட்போர்டு மோட்டார் மாட்டிய படகுக்குத் தனியாகச் சுக்கான் கிடையாது. பின்பலகையில் தொங்கும் மோட்டாரே இடமும் வலமும் திரும்பும். அதன் விசிறி தண்ணீரைத் தள்ளும் திசை மாறுவதால் படகும் திரும்பும். சின்ன மோட்டார் என்றால் பின்னால் உட்கார்ந்து அதன் கைப்பிடியையே பிடித்துத் திருப்பிவிடலாம். நம் கடற்கரை ஃபைபர் படகுகளில் பார்த்திருப்பீர்கள். 150 குதிரைத்திறன் மோட்டாரைக் கையால் திருப்ப முடியுமா? அதனால் ஓட்டுபவர் முன்னால் ஸ்டீயரிங் சக்கரத்தோடு உட்கார்ந்துகொள்வார். சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு தடித்த கம்பி ஓடும். சைக்கிள் ஒயருக்கு இழுக்கும் வேலை மட்டும். இந்தக் கம்பியோ இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும்.

உப்புத் தண்ணீர் பட்டால் கம்பி துருப்பிடிக்கும், கிரீஸ் காய்ந்து இறுகும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. வேகமாகச் சுற்றும் விசிறி மோட்டாரை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுப்பு கம்பி வழியாக ஓட்டுபவரின் கைக்கு வந்து சேரும். நல்ல வேகத்தில் அவர் சக்கரத்தைச் சட்டென்று விட்டுவிட்டால் மோட்டார் தானாகத் திரும்பி, படகு சுழன்று, ஆளையே தண்ணீரில் எறிந்துவிடலாம்.

இந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு, அது செய்த வேலையை எண்ணெயிடம் கொடுப்பதுதான் முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங்.

எண்ணெய் எப்படித் தள்ளும் என்கிறீர்களா? ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றில் காற்றை இழுத்து, வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கும். இப்போது காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி அழுத்துங்கள். அசையவே அசையாது. திரவத்தை அமுக்கிச் சுருக்குவது அவ்வளவு கடினம். எண்ணெயும் அப்படித்தான். குழாயில் அடைத்துவிட்டால், எந்த மூலையிலும் வளைந்து போகக்கூடிய இரும்புக் கம்பி அது!

அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போய்ச் சேரும் என்று விளக்கியவர் பிரான்ஸ் நாட்டு பிளேஸ் பாஸ்கல். 39 வயதிலேயே 1662இல் இறந்துபோனார். திரவங்களைப் பற்றிய அவருடைய புத்தகம் மறு வருடம்தான் வெளிவந்தது. இதை வைத்து இங்கிலாந்தின் ஜோசப் பிரமா 1795இல் ஹைட்ராலிக் அழுத்து இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பிரமா சாவியில்லாமல் எளிதில் திறக்க முடியாத பூட்டுகள் செய்து பேர் வாங்கியவர். பூட்டுக்காரருக்கே அந்த இயந்திரத்தில் தண்ணீர் ஒழுகுவதைப் பூட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இரண்டு சிரிஞ்சுகளை ஒரு மெல்லிய குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். பெரியதன் உள்விட்டம் சின்னதைப்போல் இரண்டு மடங்கு என்றால் அதன் பரப்பு நான்கு மடங்கு. சின்னதை நீங்கள் தள்ளும் விசை பெரியதில் நான்கு மடங்காக வெளிவரும். ஆனால் சும்மா கிடைக்காது: சின்னதை 4 செ.மீ. தள்ளினால் பெரியது 1 செ.மீ.தான் நகரும்.

இனி படகுக்கு வருவோம். ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்னால் ஒரு சின்னப் பம்பு வைக்கிறார்கள். மோட்டாரின் பக்கத்தில் ஒரு சிலிண்டர் (அடுப்பங்கரை சிலிண்டர் இல்லை; உள்ளே பிஸ்டன் ஓடும் உலோகக் குழல்). நடுவே இரண்டு குழாய்கள். சக்கரத்தை வலப்பக்கம் சுற்றினால் ஒரு குழாயில் எண்ணெய் போய்ப் பிஸ்டனைத் தள்ளி மோட்டாரைத் திருப்பும், மற்றதில் திரும்பி வரும். இடப்பக்கம் சுற்றினால் நேர்மாறு. பம்பு ஒரு சுற்றுக்கு 28 மில்லி எண்ணெய் தள்ளுகிறது, சிலிண்டர் கொள்வது 140 மில்லி என்று வையுங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சக்கரத்தை எத்தனை தடவை சுற்ற வேண்டும்? ஐந்து தடவை. பம்பு பெரிதாக இருந்தால் சுற்றுகள் குறையும், ஆனால் கை வலிக்கும்.

விசிறியின் இழுப்பு என்னவாயிற்று? பம்போடு ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. சைக்கிள் டியூப் வால்வு காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் தடுக்கிறதே, அந்த மாதிரி. கை தள்ளினால் எண்ணெய் போகும். மோட்டார் திருப்பித் தள்ளினால் போகாது. சக்கரத்தை விட்டால்கூட மோட்டார் விட்ட இடத்திலேயே நிற்கும். (அதற்காக விட்டுவிடாதீர்கள்!)

கம்பியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றும் வேலையில் பொறுமை கேட்பது கடைசிக் கட்டம். மெக்கானிக்குகள் அதை 'ஏர் எடுப்பது' என்பார்கள். குழாயில் ஒரு குமிழி தங்கினாலும், நம் முதல் சிரிஞ்ச் மாதிரி அது அமுங்கும்; சக்கரம் சுற்றும், மோட்டார் சோம்பிக் கிடக்கும். அதனால் ஒருவர் முன்னால் எண்ணெய் ஊற்றியபடி சக்கரத்தை மெல்லச் சுற்ற, இன்னொருவர் பின்னால் சிலிண்டரின் சிறு திருகைத் திறந்து, குமிழியோடு வரும் எண்ணெயைப் பாத்திரத்தில் பிடிப்பார். குமிழி நின்றதும் திருகை மூடிவிட்டு, மறுபக்கத்துக்கும் அதையே செய்வார்கள். அவசரத்துக்குக் கார் பிரேக் ஆயிலை ஊற்றினால் சிலிண்டரின் ரப்பர் அடைப்புகள் கெட்டுப்போகும்.

ஒரு புதிர் மிச்சம். சிலிண்டரிலிருந்து ஒரு பக்கம் மட்டும் பிஸ்டனின் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால், வலப்பக்கம் திருப்பவும் இடப்பக்கம் திருப்பவும் சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. ஏன்? கம்பி இருக்கும் பக்கத்தில் கம்பியே இடத்தை அடைத்துக்கொள்கிறது. அங்கே குறைந்த எண்ணெயே போதும், சுற்றும் குறையும். இதைச் சரிசெய்ய, சில சிலிண்டர்களில் கம்பியை இரண்டு பக்கமும் வெளியே வரும்படி வைத்தார்கள். அதிலும் மோட்டாரின் முன்புறம் பொருத்தும் ஒரு வகை இருக்கிறது, பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: கம்பி அசையாமல் நிற்கும், சிலிண்டர்தான் அதன்மேல் இங்கும் அங்கும் ஓடும்.