இருநூறு ரூபாய்க் குற்றம்

அதிகாலையில் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்புகளை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள், அசையவும் இடமின்றி அவற்றில் நெருக்கியிருப்பர். அளவுக்கு மிஞ்சி ஏற்றப்படும் ஒவ்வோர் ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். இதைக் கண்டிப்புடன் விதிப்பது கொடுமையன்று; வண்டி உருண்டால் போவது கூலிப்பெண்ணின் உயிரன்றோ!

ஆதலால், சிறு குற்றங்களைக் காணாதது போல் விட்டுவிட வேண்டும் என்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று. எனினும் கண்டிப்புக்கு எல்லை எது?

உடைந்த சன்னலைப் பழுது பார்க்காவிடில் தெருவே சீரழியும் என்று 1982இல் வில்சன், கெல்லிங் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எழுதினர். அக்கருத்தை ஒட்டி 1994 முதல் நியூயார்க் காவல்துறை சில்லறைக் குற்றங்களையும் விடாது பிடித்தது. குற்றங்கள் குறைந்தது மெய். அம்முறையைக் கையாளாத நகரங்களிலும் அதே ஆண்டுகளில் அவை குறைந்தன. 2014 ஜூலையில் அங்கே சிகரெட்டைச் சில்லறையாக விற்றார் என்ற ஐயத்தில் பிடிக்கப்பட்ட எரிக் கார்னர், காவலரின் கழுத்துப்பிடிக்கு ஆளாகி மாண்டார்.

அமெரிக்கா வரை போவானேன்? நமது சாத்தான்குளம் இருக்கிறது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகக் கூறி, வணிகர் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் காவலர் கொண்டு சென்றனர். அரசு உத்தரவை மீறுவோர்க்கு அன்றைய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு விதித்த அபராதம், ஜீப்புக்காரருக்கு உள்ளதைப் போலவே, 200 ரூபாய். சிறையெனில் ஒரு மாதம். பிறர் உயிருக்கு ஆபத்து விளைந்தால்தான் 1000 ரூபாயும் ஆறு மாதமும். தந்தையும் மகனும் செலுத்தியதோ வேறு விலை. ஜூன் 22 இரவு மகனும், 23 விடியலில் தந்தையும் கோவில்பட்டியில் உயிர் நீத்தனர்.

ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனைக் குற்றங்களில், தேவையின்றிக் கைது செய்யலாகாது என உச்ச நீதிமன்றம் 2014லேயே அறிவுறுத்தியிருந்தது. சட்டத்தைக் கண்டிப்புடன் நடத்துவோம் என்பவர்க்கு இதுவும் சட்டந்தானே?

கண்காணிக்கும் கருவியும் அந்நிலையத்தில் இல்லாமலில்லை. படக்கருவி இருந்தது, ஆனால் அதன் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்தன என்று நேரில் விசாரித்த நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்திற்கு அறிக்கை அளித்தார். அவ்வாண்டு டிசம்பரில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் படக்கருவி பொருத்தி, பதிவுகளை ஓராண்டுக்குக் குறையாது காத்து வைக்குமாறு உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது.