சாக்கடைக்கு ஒரு கிராக்கி

பஞ்சாபில் சுல்தான்பூர் லோதி வழியாக ஓடும் காளி பெய்ன் சீக்கியர்களுக்குப் புனித ஆறு. குருநானக் மூழ்கி எழுந்து ஞானம் பெற்றது இங்கேதான் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்பிக்கை ஒரு பக்கம் இருக்க, கரையோர ஊர்கள் பல அதே ஆற்றில்தான் சாக்கடையைத் திருப்பிவிட்டிருந்தன. ஆகாயத்தாமரை மண்டி, கரை எது, தண்ணீர் எது என்று தெரியாத நிலை.

2000-ல் சீச்சேவால் கிராமத்துத் துறவி பல்பீர் சிங், ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். சுமார் 160 கி.மீ. நீள ஆறு. கூலி கிடையாது, எல்லாம் கரசேவை. ஆகாயத்தாமரையை வாரிப் போட்டு, கரை உயர்த்தி, படித்துறை கட்டினார்கள். 2006-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நேரில் வந்து பார்த்தார். 2017-ல் பத்மஸ்ரீ, 2022-ல் மாநிலங்களவை என்று பல்பீர் சிங்கின் பெயர் ஏறியது. பத்திரிகைகள் விரும்பி எழுதிய கதை இது. படத்துக்கு எடுப்பாக அமையாத இன்னொரு வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆற்றை எத்தனை தடவை தூர்வாரினாலும், ஊர்ச் சாக்கடை வந்து விழுந்தால் அத்தனையும் வீண். அதனால் சீச்சேவாலில் தெருக்களுக்கு அடியில் சிமென்ட் குழாய் பதித்தார்கள். வீட்டுக் கழிவுநீர் ஊர்க்கோடிக்கு வந்து, அடுத்தடுத்துள்ள வட்டக் கிணறுகளில் விழுகிறது. முதல் கிணற்றில் தண்ணீர் சுழன்று வேகம் தணியும்போது மண்ணும் கசடும் அடியில் தங்கிவிடும். அடுத்ததில் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பு நுரையும் ஆடையாக மேலே திரளும், வழித்தெடுத்துவிடலாம். மிச்சம் பெரிய குட்டைக்குப் போகிறது. அதற்கப்புறம் வெயில் பார்த்துக்கொள்ளும். பச்சைப்பாசி வெயிலைக் குடித்துப் பிராணவாயுவை விடும். அதை வைத்துக்கொண்டு பாக்டீரியா அழுக்கைத் தின்னும். நாள்கணக்கில் கிடந்த தண்ணீரை மோட்டார் போட்டு வயலுக்கு இறைக்கிறார்கள். காற்றூதும் இயந்திரம் இல்லை, ரசாயனம் இல்லை. கரண்ட் செலவு பெரும்பாலும் அந்த மோட்டாருக்குத்தான்.

தொழில்நுட்பம் என்று பார்த்தால் இதில் புதுமை குறைவு. குட்டை முறை உலகெங்கும் பழசு. சீச்சேவாலில் இதைத் தாங்குவது கடைசியில் நிற்கும் விவசாயி. சாக்கடையிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆற்றில் கலந்தால் ஆகாயத்தாமரைக்குத் தீனி. வயலில் பாய்ந்தால் உரச் செலவு மிச்சம். போர்வெல் ஆண்டுக்காண்டு ஆழமாகும் பஞ்சாபில், சும்மா வரும் தண்ணீரை யார் விடுவார்? குழாய் அடைத்தால் பஞ்சாயத்து எழுத்தருக்கு முன்பே விவசாயிக்குத் தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. குட்டைக்கு நிலம் வேண்டும். நிலம் உள்ள ஊருக்கே இது சரிப்படும். கிருமிகள் முழுக்கச் சாகும் என்ற உத்தரவாதம் இல்லாததால், பச்சையாகத் தின்னும் வெள்ளரிக்கும் கொத்தமல்லிக்கும் இந்தத் தண்ணீர் ஆகாது. அடைமழையில் வயலுக்குத் தண்ணீர் தேவைப்படாது, குட்டையோ ததும்பும். கசடு அள்ளுவதை விட்டுவிட்டால் முதல் கிணறு தூர்ந்து, பிசுக்கு குட்டை வரை போய்விடும்.

காளி பெய்னிலும் கதை சுபமாக முடிந்துவிடவில்லை. கரசேவைக்குப் பிறகும் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்த ஆண்டுகள் உண்டு. கிராமங்களைவிட நகரங்களின் கழிவுதான் பெரிய தலைவலி. நகரத்துச் சாக்கடைக்கு இப்படியொரு கிராக்கி லேசில் வராது: அளவு பெரிது, பட்டறைக் கழிவும் கலந்து வரும், பக்கத்தில் வயலும் இருக்காது.