சும்மா இருந்த அமைச்சர்

கி.மு. 193-இல் சீனாவின் ஹான் பேரரசில் தலைமை அமைச்சராகப் பதவியேற்ற சாவ் ஷென் ஒரு சட்டத்தையும் திருத்தவில்லை. புதுத் திட்டம் எதையும் அறிவிக்கவில்லை. இரவு பகலாக மதுதான். யோசனை சொல்ல வருகிறவர்களுக்கும் ஊற்றிக் கொடுப்பார். வாயைத் திறந்தால் இன்னொரு கிண்ணம். வந்தவர்கள் போதையேறி, வந்த காரியத்தைச் சொல்லாமலே வீடு திரும்புவார்கள்.

அவரது தோட்டத்தை அடுத்த குடியிருப்பில் எழுத்தர்கள் தினமும் குடித்துக் கூச்சலிட்டார்கள். கண்டிப்பார் என்று நம்பி உதவியாளர்கள் அவரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். அவரோ அங்கேயே உட்கார்ந்து மது வரவழைத்து, எதிர்ப்பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்!

இளம் பேரரசர் ஹுயிக்குப் பொறுக்கவில்லை. அமைச்சரின் மகனை விட்டே காரணம் கேட்கச் சொன்னார். கேட்ட மகனுக்குக் கிடைத்தது 200 அடி. பிறகு பேரரசரே விசாரித்தார். உங்கள் தந்தையைவிட நீங்கள் திறமைசாலியா, எனக்கு முன்பிருந்த சியாவ் ஹேயைவிட நான் கெட்டிக்காரனா என்று சாவ் ஷென் திருப்பிக் கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில். அப்படியானால் அவர்கள் வகுத்து வைத்ததை நாம் கெடுக்காமல் இருந்தால் போதாதா என்றார்.

தாவோ மரபு 'வூ வெய்' என்று சொல்லும் செயலின்மைக்கு வரலாற்றில் இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியவில்லை. அம்மரபின் மூலவராகக் கருதப்படும் லாவோட்சுவின் நூலைத் துறவிகளுக்கானதாகவே பலரும் வாசிக்கிறார்கள். ஆனால் அதன் 81 அத்தியாயங்களில் பல, ஆள்பவனை நோக்கித்தான் பேசுகின்றன. சாவ் ஷென்னும் சோம்பேறி அல்ல. போர்களில் 70 காயம் பட்டவர் என்று பெயர். முன்பு சி நாட்டை நிர்வகித்தபோது அறிஞர்களைக் கூட்டி யோசனை கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். கய் என்ற முதியவர் மட்டும், ஆள்பவன் அமைதியாக இருந்தால் மக்கள் தாமே நிலைகொள்வார்கள் என்றார். அவருக்குத் தன் வீட்டின் முதன்மை அறையையே ஒழித்துக் கொடுத்தார் சாவ் ஷென்.

சும்மா இருப்பதற்கும் ஆள் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. பேச்சுச் சாமர்த்தியமில்லாத, நிதானமான மூத்தவர்களைத் தேடிப் பதவியில் அமர்த்தினார். பேரெடுக்கத் துடித்த அதிகாரிகளை வெளியேற்றினார். ஹானுக்கு முந்தைய ச்சின் பேரரசின் கொடுஞ்சட்டத்திலும் கட்டாய உழைப்பிலும், பின்வந்த உள்நாட்டுப் போரிலும் நொந்துபோயிருந்த நாடு அது. இன்னொரு சீர்திருத்தத்தைத் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பின்வந்த வென் பேரரசரும் இதே போக்கில் போனார். கி.மு. 167-இல் நிலவரியையே தள்ளுபடி செய்தார். கருவூலத்தில் காசு கோத்த கயிறுகள் இற்றுப்போயின, களஞ்சியத்தில் தானியம் மக்கியது என்று பின்னாளில் வரலாற்றாசிரியர் சீமா சியன் எழுதினார். ஆனால் இந்தச் செயலின்மைக்கு ஒரு விலையும் இருந்தது. தட்டிக் கேட்க ஆளில்லாமல் கொழுத்த சிற்றரசர்களில் ஏழு பேர் கி.மு. 154-இல் கலகம் செய்தார்கள். வென்னின் பேரனான வூ பேரரசர் சும்மா இருக்கத் தெரியாதவர். தாத்தா சேர்த்ததை வடக்கு நாடோடிகளான ஷியோங்னுக்களுடனான போர்களில் கரைத்து, பற்றாக்குறைக்கு உப்பையும் இரும்பையும் அரசின் ஏகபோகமாக்கினார்.