தெலுங்கு பேசப் பழகுவோம்

சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்தது பாலசமுத்திரம். 1953-ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் அதனோடு இணைந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பெற்றுத் திருத்தணி தமிழகத்தைச் சேர்ந்தது. எல்லை மாறியபோதும் இப்பக்கத்துச் சந்தைகளில் இரு மொழிகளும் கலந்து ஒலிப்பது மாறவில்லை. இங்கும் திருப்பதியிலும் புதிதாகக் குடியேறும் நம் குடும்பத்தினர், சொற்களை நெட்டுருச் செய்வதற்கு முன் மரியாதை வழங்கும் முறையை அறிந்துகொள்ளுதல் நலம். சொல் தவறினால் கேட்பவர் சிரிப்பர். மரியாதை தவறினால் மனம் வருந்துவர்.

முதலில் முன்னிலையைக் காண்போம். ‘நுவ்வு’ என்பது நீ. ‘மீரு’ என்பது நீங்கள். பெரியோரிடமும் அறிமுகமில்லாதவரிடமும் ‘மீரு’ என்றே பேசுக. ஏவல் வினையோடு ‘அண்டி’ சேர்ந்தால் மரியாதை. ‘செப்பு’ என்றால் சொல். ‘செப்பண்டி’ என்றால் சொல்லுங்கள். ‘கூர்ச்சோ’ என்றால் உட்கார். ‘கூர்ச்சோண்டி’ என்றால் உட்காருங்கள். ஈற்றில் ‘டி’ ஒலிப்பதால் இதனைத் தமிழின் ‘வாடி, போடி’ என்று எண்ணி நம் தாய்மார் முகஞ்சுளிக்க வேண்டுவதில்லை.

அடுத்தது படர்க்கை. ‘வாடு வச்சாடு’ என்றால் அவன் வந்தான். ‘ஆமெ வச்சிந்தி’ என்றால் அவள் வந்தாள். ‘பஸ்ஸு வச்சிந்தி’ என்றால் பஸ் வந்தது. பெண்ணுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே வினைமுற்றா என்று தமிழ்ச் செவி திடுக்கிடும். இஃது இழிவு கருதியதன்று. ஒருமையில் ஆண்பால் நீங்கலாக மற்றெல்லாவற்றையும் ஒரே விகுதியில் அடக்குவது தெலுங்கின் மரபு. துருக்கி மொழி இன்னும் ஒரு படி அப்பாற் செல்கிறது. அம்மொழியில் அவன், அவள், அது மூன்றுக்கும் ‘ஓ’ என்பது ஒன்றே சொல்; எவர் வந்தாலும், எது வந்தாலும் ‘ஓ கெல்தி’ என்பர். அதனால் துருக்கியர் மனிதரை மதியாதவர் ஆகிவிடுவரோ? ஆயினும், தெலுங்கில் மூத்த பெண்மணியை ‘அம்மகாரு வச்சாரு’ எனப் பன்மையிற் கூறுவதே பண்பு.

வாக்கிய அமைப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம். ‘நாக்கு தெலுகு ராது’ என்பது ‘எனக்குத் தெலுங்கு வராது’ என்பதோடு சொல்லுக்குச் சொல் ஒத்து நிற்கிறது. ‘நாக்கு’ என்பதில் ககரத்தை இரட்டிக்காமல், வல்லொலியாக ஒருமுறையே ஒலிக்க வேண்டும்.

‘நாங்கள்’, ‘நாம்’ என்னும் வேற்றுமையும் தெலுங்கில் உண்டு: ‘மேமு’, ‘மனமு’. ‘மா ஊரு’ என்றால் எங்கள் ஊர். கேட்பவர் அதில் சேரமாட்டார். ‘மன ஊரு’ என்றால் நம் ஊர், அவரும் சேர்வார்.

பள்ளி செல்லும் பிள்ளைகள் விரைவிற் கற்றுவிடுவர். மருத்துவமனையிலும் ரேஷன் கடையிலும் தடுமாறுவோர் வீட்டுப் பெரியவர்களே. ஆகவே, பிள்ளைகளை ஆசிரியராகக் கொண்டு நாளுக்கு ஐந்து வாக்கியம் பழகுவோமாக. வீட்டில் தமிழ் வளரட்டும். வாயிலைக் கடந்ததும் அயல்வீட்டாரிடம் பாலசமுத்திரத்தை ‘மன ஊரு’ என்று சொல்லத் தொடங்குவோம்.