பாதி விலைக்கு பைக்கா? நம்பரைத் தேய்ச்சுப் பாருங்க!

குற்றாலத்தில் சாரல் ஆரம்பிச்சா, ஐந்தருவி பார்க்கிங்கில் வரிசையா கே.எல். நம்பர் பைக்குகள்தான். புளியரை தாண்டினா கேரளாதானே! அதில் ஒண்ணு, "அவசர விற்பனை, பாதி விலை"னு உங்க ஹாஸ்டல் வாசலுக்கே வந்தா?

ஆர்.சி.யைப் பார்த்ததும் பர்ஸை எடுத்துடாதீங்க பாஸ். நம்பர் பிளேட்டை மாத்துறது சுலபம். சேஸிஸ் நம்பரை மாத்துறதுதான் கஷ்டம். பெரும்பாலும் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபிரேமோட கழுத்தில் 17 எழுத்தும் எண்ணுமா குத்தியிருக்கும். மேல பேப்பரை வெச்சு பென்சிலால தேயுங்க. ஆர்.சி.யோட ஒத்துப்போகணும். எழுத்து கோணலா இருந்தாலோ, அங்கே மட்டும் புதுப் பெயின்ட் மினுக்கினாலோ, நடையைக் கட்டுங்க!

அடுத்து, வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் மூணையும் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தளத்தில் போடுங்க. திருட்டுப் பட்டியல்ல இருந்தா காட்டிக்கொடுத்துடும். புகாரே பதிவாகாத வண்டி மட்டும் அதில் சிக்காது. அதனால, ஆர்.சி.யில் இருக்கும் ஆளும் விக்கிற ஆளும் ஒண்ணுதானான்னு பாருங்க.

தென்காசி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல டி.என். 76 நம்பர் வாங்கணும்னா, கேரள ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று, அதான் ஃபார்ம் 28, வேணும். "அதை அப்புறம் தர்றேன்"னா, பணத்தையும் அப்புறமே குடுங்க.

"எனக்குத் தெரியாது சார்"னு தப்பிச்சுக்கலாமா? 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு, திருட்டுப் பொருள்னு நம்பக் காரணம் இருந்தும் நேர்மையில்லாம வாங்கினவரையும் பிடிக்கும். மூணு வருஷம் வரை சிறை. பேப்பர் இல்லாம பாதி விலைங்கிறதே போலீசுக்கு நல்ல காரணமாச்சே! கேஸ் நிலுவையில் இருந்தா, நாளைக்கு பாஸ்போர்ட் விசாரணையிலயும் அது வந்து நிக்கும்.