கூண்டுக்குள் நாம்

‘சஃபாரி’ என்பது சுவாஹிலி மொழிச் சொல். ‘பயணம்’ என்பது அதன் பொருள். அப்பயணத்திற்காக ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற வேண்டுவதில்லை. ஒக்கலிபுரத்து அன்பர்கள் நாலைந்து குடும்பத்தாராகக் கூடிப் புறப்பட்டால், பெங்களூருக்குத் தெற்கே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பன்னேர்கட்டாவில் அதனை மேற்கொள்ளலாம்.

1974-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற இக்காட்டின் ஒரு பகுதி, 2002-இல் உயிரியல் பூங்காவாகப் பிரிக்கப்பெற்றது. பிற காட்சிசாலைகளில் விலங்கு கூண்டிலும் மனிதன் வெளியிலும் நிற்பது வழக்கம். இங்கோ கம்பிவலையிட்ட வண்டிக்குள் நாம் அடைபட்டிருக்க, சிங்கமும் புலியும் கரடியும் வெளியே உலவுகின்றன.

இவ்வினங்களைச் சர்க்கஸில் ஆட்டுவிப்பதை மைய அரசு 1998-இல் தடை செய்தது. உச்ச நீதிமன்றம் 2001-இல் அத்தடையை உறுதிப்படுத்தியது. மீட்கப்பெற்ற சிங்கங்களுக்கும் புலிகளுக்கும் பன்னேர்கட்டா புகலிடமாயிற்று. மூக்கில் கயிறு பூட்டித் தெருக்களில் ஆட்டப்பட்ட கரடிகளும் பின்னர் இங்கு அடைக்கலம் பெற்றன.

ஆகவே, உடன்வரும் குழந்தைகளுக்கு ஒன்றை முன்னரே சொல்லிவைத்தல் நலம். வண்டிக்குள் கைதட்டுதலும் கூவியழைத்தலும் வேண்டா. சாட்டைக்கும் கைதட்டலுக்கும் நெடுங்காலம் ஆடிய இனங்கள் அவை. இனியேனும் அமைதியாக உலவட்டும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறையாதலின், வேறு நாளைத் தேர்ந்து புறப்படுக.